மணி ஓடிப்போன நாள்களும் ‘வா’ என்ற சொல்லும்

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தவருக்காக நான் வாசற்கதவை முக்கால்வாசி திறந்தேன். பெட்டிக்கும் கதவு நிலைக்கும் இடையே ஒரு சாண் அகலம்தான் இருந்திருக்கும். அந்த இடைவெளியில் முதலில் மூக்கையும் பின் தலையையும் நுழைத்து, என் முழங்காலை உரசியபடி மணி வெளியே பாய்ந்துவிட்டான். அப்போது அவனுக்கு ஒன்பது மாதம். (நாயை ‘அவன்’ என்று எழுதினால் இலக்கணம் முகம் சுளிக்கும் என்பது தெரியும், ஆனாலும் ஆறு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பிறகு அவனை அஃறிணையில் எழுத எனக்குக் கை வரவில்லை. மற்ற நாய்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் இலக்கணத்துக்குக் கட்டுப்படுகிறேன்.)

வெறுங்காலுடன் பின்னால் ஓடினேன். தெருமுனையில் அவன் நின்றான். பத்தடி தொலைவில் முன்னங்கால்களைத் தரையோடு பதித்து, பின்புறத்தை உயர்த்தி, வாலை ஆட்டியபடி என்னைப் பார்த்தான். நான் ஓரடி எடுத்து வைத்ததும் துள்ளி இன்னொரு பத்தடி ஓடினான். மீண்டும் அதே குனிவு, அதே பார்வை. நாய்களிடையே அந்தக் குனிவு விளையாட்டுக்கான அழைப்பு என்பதும், நான் துரத்தத் துரத்த எங்கள் விளையாட்டு அவனுக்கு இன்னும் சுவையாகிக்கொண்டிருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ‘மணி, வா’ என்று முப்பது முறையாவது கத்தியிருப்பேன். ஒரு வண்டி டயர் தேயப் பிரேக் போட்டு அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றபோது என் வயிறு கலங்கிவிட்டது.

கால் மணி நேரம் கழித்து, களைத்துப்போய், நாக்கைத் தொங்கவிட்டபடி அவனாகவே என்னிடம் வந்தான். நான் கழுத்துப்பட்டையைப் பற்றி, முதுகில் ஓர் அடி வைத்து, திட்டிக்கொண்டே இழுத்துவந்து கட்டிப்போட்டேன். அன்று நான் செய்த தவறுகளில் கதவைக் கவனமின்றித் திறந்தது சிறியது. அந்த அடிதான் பெரியது. நாய் ஒரு விளைவை, அதற்கு ஓரிரு நொடிகளுக்கு முன் தான் செய்த செயலோடுதான் இணைத்துக்கொள்கிறது. கால் மணி நேரத்துக்கு முன் ஓடியதற்காகத்தான் அடி விழுந்தது என்று அறிந்துகொள்ள மணிக்கு வழியே இல்லை. அருகே வந்தான், அடி விழுந்தது. அவனுடைய கணக்கு அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கணக்கின் பலனைக் கண்ணால் பார்த்தேன். மகள் பள்ளிக்குக் கிளம்பிய அவசரத்தில் கேட்டின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மணி வெகுதூரம் போகவில்லை. ஆனால் கைக்கெட்டும் தொலைவுக்குள் வரவும் இல்லை. நான் நெருங்கினால் விலகுவான், நின்றால் நிற்பான். இதைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பெரியவர், வாழ்நாளில் பாதியை நாய்களோடு கழித்தவர், “தம்பி, துரத்தாதீங்க. அப்படியே தரையில உட்காருங்க. அதைப் பார்க்காதீங்க” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்றாலும் வேறு வழி தெரியாமல் அவனுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஏதோ புதையல் கிடைத்ததைப்போல் புல்லை விரல்களால் கிளறத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். ஈரமான மூக்கு ஒன்று என் காதோரம் மூச்சு விட்டது. “உடனே பிடிச்சிடாதீங்க. முதல்ல திங்க ஏதாவது குடுங்க, அது தின்னும்போது மெதுவா கழுத்துல கை வையுங்க” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பையில் கிடந்த பிஸ்கட் துணுக்கு அன்று எங்களைக் காப்பாற்றியது.

வீடு திரும்பும்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் தொடக்கம். “நீங்க வான்னு கூப்பிட்டா அதுக்கு என்ன கிடைக்கும் தம்பி?” எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஒரு வாரம், அவனை ‘வா’ என்று அழைத்த ஒவ்வொரு முறையும் எதற்காக அழைத்தேன் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். குளிப்பாட்ட, நகம் வெட்ட, காதில் மருந்து விட, விளையாடிக்கொண்டிருந்தவனை உள்ளே அடைக்க, வாயில் கவ்வியிருந்த செருப்பைப் பிடுங்க என்று பட்டியல் நீண்டது. முப்பத்தொரு அழைப்புகளில் நான்கே நான்கில்தான் அவனுக்கு மகிழ்ச்சியான ஏதாவது கிடைத்திருந்தது. என் வாயிலிருந்து வரும் ‘வா’வுக்கு ‘இத்துடன் இன்பம் முடிந்தது’ என்று பொருள் கற்பித்தவன் நானேதான். அவன் கீழ்ப்படியாத நாய் என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில், கற்பித்ததை அவன் பிழையில்லாமல் கற்றிருந்தான்.

நாய்கள் ஓடுவதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை என்பதையும் அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முயலின் மோப்பத்தைத் தொடர்ந்து போவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட பீகிள் மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் காது அடைத்துவிடும்; நெடுந்தூரம் ஓடுவதற்கென்று உருவான ஹஸ்கிக்கு ஓட்டமே பரிசு. ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை பருவத்துக்கு வரும் பெண் நாயின் வாடை அடித்தால், கருத்தடை செய்யாத ஆண் நாய் சுவரையும் வேலியையும் பொருட்படுத்தாது. வெடிச்சத்தத்துக்கும் இடிக்கும் அஞ்சி ஓடும் நாய் இருக்கிறது. நாள் முழுவதும் தனியாகக் கிடந்த சலிப்பில் ஓடும் நாயும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து இல்லை. அச்சத்தால் ஓடும் நாயைக் கண்டிப்பது எரியும் தீயில் நெய் ஊற்றுவதற்குச் சமம். சலிப்பால் ஓடும் நாய்க்கு நடையும் மோப்பம் பிடிக்கும் விளையாட்டுகளும் வேண்டும். மணியின் ஓட்டத்தில் பாதி வயதுக்கோளாறு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மாத வயதில் நாய்கள் ஐந்து மாத வயதில் இருந்ததைவிடத் தம்மை வளர்ப்பவரின் சொல்லுக்குக் குறைவாகவே கட்டுப்பட்டன என்றும், அதே வேளையில் முன்பின் அறியாதவர் சொன்னால் கேட்டன என்றும் தெரியவந்தது. அதைப் படித்தபோது என் மனைவி என்னையும் வளர்ந்துவரும் எங்கள் மகளையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

கால்நடை மருத்துவரிடம் கலந்து பேசி மணிக்குக் கருத்தடை செய்தோம். அது ஆண் நாயின் அலைச்சலைப் பெரும்பாலும் குறைக்கும் என்றும், ஆனால் பூனையைத் துரத்தும் ஆசையையோ ஏற்கெனவே கற்றுக்கொண்ட பழக்கத்தையோ அறுவை மாற்றாது என்றும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடியே நடந்தது.

கெட்டுப்போன ‘வா’வைச் சீர்செய்வதைவிடப் புதிய குறி ஒன்றைத் தொடங்குவது எளிது என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு சாதாரண விசிலைத் தேர்ந்தெடுத்தேன். குரலில் கோபமும் பதற்றமும் ஏறிவிடும், விசிலில் ஏறாது. வீட்டில் யார் ஊதினாலும் அது ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ரஷ்ய உடலியங்கியல் அறிஞரும் 1904-இல் நோபல் பரிசு பெற்றவருமான பாவ்லோவின் நாய்களுக்கு, உணவு வருமுன்பே அதை அறிவிக்கும் குறியைக் கேட்ட அளவில் எச்சில் ஊறியது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். இரண்டு சிறு ஊதல்கள், உடனே ஒரு துண்டு உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி. முதல் பத்து நாள்கள் அவனை வரும்படி நான் கேட்கவே இல்லை. அவன் என் காலடியில் நிற்கும்போதே ஊதி, அந்த நொடியிலேயே கொடுத்தேன். நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து முறை. அதுவும் மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து. கோழிக்கறியை இதற்கு மட்டுமே வைத்துக்கொண்டேன். உட்காரச் சொல்வதற்கும் கை கொடுப்பதற்கும் வழக்கமான தீனிதான். ஏழாம் நாள், அடுக்களையில் விசிலைத் துடைத்துவைக்க எடுத்தபோதே, இரண்டு அறை தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவன் நகங்கள் தரையில் சறுக்க ஓடிவந்து நின்றான்.

பிறகு தொலைவைக் கூட்டினேன். அடுத்த அறையிலிருந்து ஊதினேன், மாடியிலிருந்து ஊதினேன், பிறகு சுற்றுச்சுவருக்குள் இருக்கும் சிறிய தோட்டத்தில் ஊதினேன். இந்தக் கட்டத்தில் நான் எனக்கே சில தடைகளை விதித்துக்கொண்டேன். அவன் வருவான் என்று என்னால் பந்தயம் கட்ட முடியாத இடத்தில் விசிலை எடுப்பதில்லை. ஒருமுறை ஊதிய பிறகு வரவில்லை என்றால் மறுபடி ஊதுவதில்லை. நானே நடந்து போய் அழைத்து வருவேன், அடுத்த நாள் தொலைவைக் குறைப்பேன். பத்து முறை ஊதினால் பத்தாவது ஊதலுக்கு வந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும். குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ விசிலைப் பயன்படுத்துவதே இல்லை. இந்தக் கடைசித் தடையைத்தான் வீட்டில் எல்லாரும் மீறப் பார்த்தார்கள். விசில் அவ்வளவு வசதியாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

திறந்த மைதானத்துக்குப் போனபோது பத்து மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிற்றைக் கட்டினேன். இந்தக் கயிற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வலது உள்ளங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. முதல் நாள் கையுறை இல்லாமல், மெல்லிய நைலான் கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். மணி ஒரு புறாக் கூட்டத்தைக் கண்டு பாய்ந்தான். கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போன அந்த அரை நொடியில், சூடான இரும்பைப் பிடித்ததுபோல் தோல் ஒரு பட்டையாக உரிந்துவிட்டது. கையில் சுற்று இறுகியிருந்தால் விரலே போயிருக்கலாம் என்று காயத்துக்குக் கட்டுப் போட்டவர் சொன்னார். அதன்பிறகு அகலமான பட்டைக் கயிறு வாங்கினேன், கையுறை இல்லாமல் தொடுவதில்லை, கையில் சுற்றுவதில்லை. கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே போகும், ஓட்டத்தை நிறுத்த வேண்டுமானால் கயிற்றின் முனையை மிதிப்பேன். முனையில் இருந்த கைப்பிடி வளையம் வேர்களிலும் கற்களிலும் சிக்கியதால் அதை வெட்டிவிட்டேன். இன்னொன்று, நீளக் கயிற்றை ஒருபோதும் கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் எல்லையைத் தொடும்போது அந்த இழுப்பு முழுவதும் கழுத்தெலும்பிலும் மூச்சுக்குழாயிலும் விழும். மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும்.

கயிறு இருந்ததால் நான் பதறவில்லை. நான் பதறாததால் அவனும் விலகவில்லை. ஆனாலும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஊதினால் பாய்ந்து வருவான், கறியைக் கவ்வுவான், என் கை கழுத்தை நோக்கி நகர்ந்ததும் பின்வாங்குவான். பிடிபட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பழைய பாடம் அவனுக்கு மறக்கவில்லை. எனவே பட்டையைத் தொடுவதையே தனியாகப் பழக்கினேன். வீட்டுக்குள் சும்மா இருக்கும்போது கழுத்துப்பட்டையில் ஒரு விரல் வைப்பேன், ஒரு துண்டு கொடுப்பேன், விட்டுவிடுவேன். பின் இரு விரல், பின் முழுக்கை, பின் மெல்லிய இழுப்பு. மூன்று வாரங்களில், கை நீண்டால் அவனே கழுத்தைக் கொண்டுவந்து கையில் வைக்கத் தொடங்கினான். நாயைத் திரும்பி வரப் பழக்கியவர்கள் பலர் இந்தப் பயிற்சியைச் செய்வதில்லை. வந்த நாய் கைக்கெட்டும் தொலைவில் நின்று ஆட்டம் காட்டுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

அதைவிடவும் பெரிய மாற்றத்தைத் தந்தது, வந்தவனை மறுபடி விடுவதுதான். ஒருவர் அதிகம் விரும்பும் செயலை, அவர் குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்று டேவிட் பிரேமாக் என்ற உளவியலாளர் 1959-இல் எழுதினார். சாப்பாட்டை முடித்தால் விளையாடப் போகலாம் என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதும் இதே விதிதான். மணி மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஊதுவேன். வந்ததும் கறி கொடுத்து, பட்டையைத் தொட்டு, உடனே ‘போ’ என்று விட்டுவிடுவேன். பத்து அழைப்புகளில் ஒன்பதில் அவன் மோப்பத்துக்கே திரும்பிப் போனான். ஒன்றில் மட்டுமே வீட்டுக்குப் போனோம். எந்த அழைப்பு அந்த ஒன்று என்பது அவனுக்குத் தெரியாது. வந்தால் இன்பம் முடிந்துவிடும் என்ற அவனுடைய பழைய கணக்கு இந்த வழியில்தான் உடைந்தது.

வாசற்கதவுக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. அதைச் செய்தவள் என் மகள். என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். தாழ்ப்பாளில் கை வைப்பாள். மணி எழுந்தால் கையை எடுத்துவிடுவாள். ஒன்றும் பேசமாட்டாள். அவன் உட்கார்ந்தால் மறுபடி கை வைப்பாள். கதவு ஓர் அங்குலம் திறக்கும். அவன் மூக்கை நீட்டினால் கதவு மெல்ல மூடிக்கொள்ளும். முதல் நாள் இருபது நிமிடத்தில் கதவு ஒரு கை அகலம்கூடத் திறக்கவில்லை. அவனுடைய வால் தரையைக் கூட்டிக்கொண்டே இருக்கும், பின்புறம் மட்டும் எழாது. அந்த முயற்சியில் அவன் உடல் முழுவதும் நடுங்குவது தெரியும். இரண்டாம் வார முடிவில் கதவு அகலத் திறந்து கிடந்தபோதும், அவள் ‘போலாம்’ என்று சொல்லும்வரை அவன் வாசற்படிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இந்தப் பயிற்சியின்போதும் கயிறு மாட்டியே இருந்தது. ஆனால் இதை நம்பிக் கதவைக் கவனிக்காமல் விட்டதில்லை. கேட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டோம். வேலியின் அடிப்பகுதியில் அவன் தோண்டிய இடத்தில் கல் பதித்தோம். பயிற்சி தவறும் நாளுக்குத் தாழ்ப்பாளும், தாழ்ப்பாள் தவறும் நாளுக்குப் பயிற்சியும் வேண்டும்.

நான்காம் மாதம் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒரு மாலை, வேலியிடாத திடலில், நண்பர் ஒருவரிடம் பெருமை காட்டுவதற்காகக் கயிற்றை அவிழ்த்தேன். கறி எடுத்துப் போகவும் மறந்திருந்தேன். அரை மணி நேரம் நன்றாகவே நடந்தது. மூன்று முறை ஊதி மூன்று முறையும் வந்தான், மூன்று முறையும் தலையைத் தடவியதோடு சரி. நான்காம் முறை புதரில் ஏதோ அசைந்தது, மணி போய்விட்டான். திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. துரத்தவில்லை, கத்தவில்லை, அவன் புறப்பட்ட இடத்திலேயே காத்திருந்தேன். வந்தவுடன் திட்டாமல் தட்டிக்கொடுத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தாலும் அதைச் செய்தேன். மறுநாளிலிருந்து மீண்டும் கயிறு, மீண்டும் குறுகிய தொலைவு, மேலும் மூன்று மாதம். பழகிய நாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரே பரிசு தர வேண்டியதில்லை, சில சமயம் ஒரு துண்டும் சில சமயம் கை நிறையவும் கொடுத்தால் ஆர்வம் இன்னும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றுமே தராமல் ஓட்டுவது வேறு விஷயம்.

அந்த ஐம்பது நிமிடத்துக்குப் பிறகுதான், நாய் உண்மையிலேயே தொலைந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். மணியின் தோலுக்கடியில் அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப் வைக்கப்பட்டது. அதில் பதினைந்து இலக்க எண் ஒன்று மட்டுமே இருக்கிறது. நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. யாராவது கண்டெடுத்துக் கருவியால் படித்துப் பார்த்தால்தான் பயன், அதுவும் நம் தொலைபேசி எண்ணை மாற்றும்போதெல்லாம் பதிவிலும் மாற்றியிருந்தால்தான். எனவே கழுத்துப்பட்டையில் எண் பொறித்த தகடும் தொங்குகிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் அஞ்சிய நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மின்னதிர்ச்சி தரும் பட்டையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். வேல்ஸில் 2010-லேயே அதைத் தடைசெய்துவிட்டார்கள். தடை இல்லாத இடத்திலும் நான் அதைத் தொடமாட்டேன். ஓர் அடியே என்ன கற்பித்தது என்று பார்த்தவன் நான். குழந்தையையோ இன்னொரு நாயையோ பார்க்கும் நேரத்தில் அதிர்ச்சி விழுந்தால், அந்த வலியை அது யாரோடு சேர்த்துவைத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் தன்னை வளர்த்தவரையே அடையாளம் காணாததுபோல் நடந்துகொள்வதுண்டு. அப்போது பெயர் சொல்லிக் கத்துவதும் பலபேராகச் சேர்ந்து வளைப்பதும் அதை இன்னும் தொலைவுக்கு விரட்டும். கடைசியாகக் கண்ட இடத்தில் நாம் உடுத்திய, துவைக்காத துணியையும் அதன் படுக்கையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு ஒருவர் அமைதியாகக் காத்திருப்பது நல்லது. நாயைக் கண்ணால் கண்டால் பெரியவர் எனக்குச் சொல்லித்தந்ததைச் செய்யலாம். பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், தரையைக் கிளறலாம்.

சென்ற மாதம், சுற்றிலும் வேலியிட்ட மைதானத்தில், மணி கயிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது சுவர்மீதிருந்து ஒரு சாம்பல்நிறப் பூனை குதித்தது. அவன் பாய்ந்துவிட்டான். இருபது மீட்டர் போயிருப்பான். இருமுறை ஊதினேன். முதலில் அவனுடைய இடது காது மட்டும் என் பக்கம் மடங்கியது. கால்கள் இன்னும் பூனையை நோக்கியே ஓடின. பிறகு புழுதி கிளம்ப ஒரு வட்டமடித்துத் திரும்பினான். வந்து நின்றவன் கறியைத் தின்றான், கழுத்தைக் கையில் கொடுத்தான், என் முகத்தைப் பார்த்தான். ‘போ’ என்றேன். நேரே சுவரடிக்குப் போய், பூனை குதித்த இடத்தைக் கால் மணி நேரம் மோந்துகொண்டே நின்றான், நான் அவசரப்படுத்தவில்லை.